உங்கள் ஜிமெயிலை இன்னொரு சேவையோடு இணைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் சேவை எதிலாவது, பிரெவோவோ மெயில்சிம்ப்போ செண்ட்கிரிடோ, புதிதாகக் கணக்குத் தொடங்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே "அனுப்புநர் முகவரியைச் சேருங்கள்" என்று கேட்கும். கையில் இருப்பது பல வருடமாகப் புழங்கும் சொந்த ஜிமெயில் முகவரி. அதைக் கொடுக்கிறோம், உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வருகிறது, அதிலிருக்கும் இணைப்பை அழுத்துகிறோம், பச்சை டிக் விழுகிறது. வேலை முடிந்தது என்று நினைத்து நானூறு பேருக்கு அனுப்பினால் பலருக்கு அது ஸ்பேமில் போய் விழுகிறது. கிடைத்தவர்களிலும் சிலர், "பேர் உங்களோடது, முகவரி வேற யாரோடதோ மாதிரி இருக்கே, திறக்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

இதற்குச் சேவையையும் குறை சொல்ல முடியாது, கூகுளையும் குறை சொல்ல முடியாது. இணைப்பதற்கு என்று இருக்கும் பொத்தானுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, அந்தப் பக்கத்தில் அதை யாரும் பளிச்சென்று சொல்வதில்லை. முதல் ஏற்பாட்டில், அந்தச் சேவை உங்கள் ஜிமெயிலுக்குள் நுழைந்து, நீங்களே உட்கார்ந்து அனுப்புவதுபோல கூகுளின் சர்வர் வழியாகவே அனுப்புகிறது. இரண்டாவதில், சேவை தன்னுடைய சர்வரிலிருந்து அனுப்புகிறது, அனுப்புநர் இடத்தில் மட்டும் உங்கள் முகவரியை எழுதுகிறது. ஆகவே எதை இணைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மெயில் யாருடைய சர்வரிலிருந்து கிளம்புகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற அமைப்புகள் எல்லாம் ஏன் இருக்கின்றன என்பது தன்னால் விளங்கும்.

கொஞ்சம் பழங்கதை தேவைப்படுகிறது. மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிமுறைதான் அதன் அடிப்படை. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த பல்கலைக்கழக, ஆய்வகக் கூட்டம். அதனால் "இந்த முகவரியைப் போட்டு அனுப்ப உனக்கு உரிமை இருக்கிறதா" என்று கேட்கும் ஏற்பாடே அதில் கிடையாது. யார் வேண்டுமானாலும் அனுப்புநர் இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இன்றைக்கும் அடிப்படை நெறிமுறை அப்படித்தான் இருக்கிறது, அதன் மேல் பிற்காலத்தில் கட்டிய காவல்கள்தான் நிலைமையைச் சமாளிக்கின்றன.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் வரும். தபாலில் உறைமேல் எழுதும் முகவரி வேறு, உள்ளே கடிதத்தின் தலைப்பில் எழுதும் முகவரி வேறு இல்லையா, அதேபோல. படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருப்பது. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது உறைமேல் இருக்கும் முகவரியை வைத்து, போய்ச் சேராத மெயில் திரும்பி வருவதும் அதற்கே. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கட்டாயப்படுத்துவதில்லை. பின்னால் வரப்போகும் சிக்கல் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சாவியைக் கொடுக்கும் வழி

முதல் ஏற்பாட்டுக்கு வருவோம். கூகுள் ஷீட்டில் பெயர்ப்பட்டியல் வைத்து ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு அனுப்பும் நீட்சிகள், வேர்ட்பிரஸ் தளத்தின் தொடர்புப் படிவம், பில் போடும் மென்பொருள், வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கும் மென்பொருள் இவையெல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஜிமெயிலோடு சேருகின்றன. கிளம்புவது கூகுளின் சர்வரிலிருந்து, மெயிலில் பதியும் டிஜிட்டல் கையெழுத்தும் கூகுளுடையது. அதனால் மெயில் நம்பகமானதாகவே போய்ச் சேரும். அனுப்பிய மெயிலின் நகல் உங்கள் அனுப்பியவை பெட்டியிலேயே கிடக்கும், பதிலும் உங்களுக்கே வரும். குறை என்ன என்றால், சேவையிடம் உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தச் சாவி இரண்டு வகை. பழைய காலத்தில் ஜிமெயில் பாஸ்வேர்டையே அந்த மென்பொருளில் எழுதிவிடுவார்கள். கூகுளில் "பாதுகாப்புக் குறைந்த செயலிகளை அனுமதி" என்று ஒரு சுவிட்ச் இருந்தது, அதைப் போட்டால் போதும். 2022 மே 30-ஆம் தேதியிலிருந்து சொந்தக் கணக்குகளுக்கு அதை கூகுள் எடுத்துவிட்டது. யூடியூபில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வீடியோக்களைப் பார்த்து அந்த சுவிட்சைத் தேடித் தேடிக் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அது இல்லை, விட்டுவிடுங்கள்.

இப்போது பாஸ்வேர்டு வகையில் மிச்சம் இருப்பது ஆப் பாஸ்வேர்டு. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால்தான் அது கிடைக்கும். 16 எழுத்துகள், கூகுளே உருவாக்கித் தரும், ஒருமுறைதான் திரையில் காட்டும். மென்பொருளில் சர்வர் பெயராக எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் (சர்வரில் இணையும் வாசலின் எண்) 587 அல்லது 465, பயனர்பெயராக முழு ஜிமெயில் முகவரி, பாஸ்வேர்டு இடத்தில் இந்த 16 எழுத்து. 587 என்றால் சாதாரணமாகத் தொடங்கிப் பாதியில் மறையாக்கத்துக்கு (என்க்ரிப்ஷன்) மாறும், 465 என்றால் முதல் நொடியிலிருந்தே மறையாக்கம். இரண்டில் எது என்பதை மென்பொருளிலும் அதற்கேற்ப அமைக்க வேண்டும், எண்ணை ஒன்றாகவும் மறையாக்க வகையை மற்றொன்றாகவும் வைத்தால் இணைப்பு தொங்கிக்கொண்டு நிற்கும்.

ஆப் பாஸ்வேர்டு என்றதும் அது அனுப்புவதற்கு மட்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அதே 16 எழுத்தை வைத்து உங்கள் மெயில்பெட்டி முழுவதையும் தரவிறக்கிப் படிக்கலாம், இரண்டாவது படிச் சரிபார்ப்பு குறுக்கே வராது. வங்கியிலிருந்து வரும் மெயில், மற்ற தளங்களின் பாஸ்வேர்டை மாற்ற வரும் இணைப்பு எல்லாம் அதில்தானே இருக்கிறது. தளம் செய்து தருபவர் "சார், மெயில் பாஸ்வேர்டு அனுப்புங்க, நானே போட்டுடறேன்" என்று வாட்ஸ்அப்பில் கேட்பது நம் பக்கம் சர்வசாதாரணம். கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் செல்போன் தொலைந்தால்? திரையைப் பகிர்ந்துகொண்டு நீங்களே தட்டிப் போடுங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி ஆப் பாஸ்வேர்டு உருவாக்கி, எது எதற்கு என்று பெயரும் வைத்துவிட்டால், நாளைக்கு ஒன்றை மட்டும் ரத்து செய்ய வசதி.

இரண்டாவது சாவி ஓஆத். "கூகுள் மூலம் இணைக்கவும்" என்ற பொத்தானை அழுத்தினால் கூகுளின் சொந்தப் பக்கம் திறந்து, இந்தச் செயலி இன்னின்னதைச் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்குமே, அதுதான். உங்கள் பாஸ்வேர்டு அந்தச் சேவையின் கைக்குப் போவதே இல்லை. கூகுள் அதற்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது, என்ன செய்யலாம் என்ற எல்லையும் அந்த டோக்கனிலேயே இருக்கிறது. ஆப் பாஸ்வேர்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த அனுமதிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. "உங்கள் சார்பில் மெயில் அனுப்ப" என்று மட்டும் இருந்தால் அது அனுப்பும் உரிமை. "உங்கள் மெயில்கள் அனைத்தையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க" என்று இருந்தால் அது முழுப் பெட்டியின் உரிமை. மாதம் ஒரு அறிவிப்பு அனுப்பப்போகும் கருவிக்கு இரண்டாவது எதற்கு? சில சேவைகளுக்கு நியாயமான காரணம் இருக்கும். வந்த பதில்களை அடையாளம் கண்டு, பதில் தந்தவர்களுக்கு அடுத்த நினைவூட்டலை நிறுத்துவது போன்ற வேலைக்குப் பெட்டியைப் படிக்கத்தான் வேண்டும். காரணம் சொல்லாமல் முழு உரிமை கேட்கும் கருவியை நான் இணைக்க மாட்டேன், அவ்வளவுதான். "இந்தச் செயலியை கூகுள் சரிபார்க்கவில்லை" என்ற எச்சரிக்கைத் திரை வந்தால், அதை நீங்களே உங்களுக்காக எழுதிய செயலி என்றாலொழிய அங்கேயே திரும்பிவிடுங்கள்.

அவுட்லுக், ஹாட்மெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. 2024 செப்டம்பர் 16 முதல் மைக்ரோசாஃப்ட் தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை வைத்து இணையும் முறையை நிறுத்திவிட்டது, ஓஆத் மட்டும்தான்.

சரி, சாவி கொடுத்தாயிற்று. எவ்வளவு அனுப்பலாம்? சொந்த ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 500 தான் உச்சவரம்பு. மூன்றாம் தரப்புச் சேவை வழியாக அனுப்பினாலும் எண்ணிக்கை உங்கள் கணக்கில்தான் ஏறும், ஏனென்றால் அனுப்புவது கூகுள் சர்வர். தாண்டினால் 1 முதல் 24 மணி நேரம் வரை அனுப்ப முடியாது, அந்த நேரத்தில் சொந்த வேலைக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டுமென்றாலும் அதே கதிதான். கூகுள் ஷீட்டில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கூகுளின் நிரல் வசதியில் எழுதி அனுப்பினால் வரம்பு இன்னும் குறைவு, சொந்தக் கணக்குக்கு ஒரு நாளில் 100 பெறுநர்கள்.

என் கருத்தைக் கேட்டால், வரம்பைவிடப் பெரிய கவலை வேறு. இருபது பேர் உங்கள் அறிவிப்பை ஸ்பேம் என்று அழுத்தினால் கெடுவது உங்கள் சொந்த முகவரியின் பெயர். கணக்கையே கூகுள் தற்காலிகமாக முடக்கினால், புகைப்படங்கள், டிரைவ் கோப்புகள், யூடியூப், பத்து தளங்களின் உள்நுழைவு எல்லாம் அந்த ஒரே கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. படிவத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலு மெயில் வருவதற்கு ஆப் பாஸ்வேர்டு போதும், அதையும் அதற்கென்று தனியாகத் திறந்த ஒரு ஜிமெயில் கணக்கில் வைப்பது நல்லது. மாதாமாதம் நானூறு பேருக்கு அறிவிப்பு அனுப்பும் யோகா வகுப்புக்காரருக்கு இந்த வழி சரிவராது.

சேவையே அனுப்பும் வழி

இப்போது இரண்டாவது ஏற்பாடு. பிரெவோ, செண்ட்கிரிட், மெயில்சிம்ப், அமேசான் எஸ்ஈஎஸ் எல்லாமே இந்த வகை. இவை உங்கள் ஜிமெயிலுக்குள் நுழைவதில்லை, சாவியும் கேட்பதில்லை. தங்கள் சர்வரிலிருந்து அனுப்புகின்றன.

அப்படியானால் அந்தப் பச்சை டிக்? அது உறுதிப்படுத்தியது ஒன்றை மட்டும்தான்: அந்த ஜிமெயில் பெட்டியைத் திறந்து பார்க்க உங்களால் முடிகிறது என்பதை. அடுத்தவர் முகவரியைப் போட்டு நீங்கள் அனுப்பக்கூடாது என்பதற்காகச் சேவை தன் பக்கத்தில் செய்துகொள்ளும் சோதனை அது. இந்தச் சேவையின் சர்வர் ஜிமெயில் முகவரியைப் போட்டு அனுப்பலாம் என்று கூகுள் எங்கேயும் ஒப்புக்கொள்ளவில்லை, கூகுளுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இதைப் புரிந்துகொண்டால் ஸ்பேம் புதிர் பாதி அவிழ்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொமைன் என்பது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், டிஎன்எஸ் என்பது அந்தப் பெயரைப் பற்றிய விவரங்களை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் பொதுப் பதிவேடு. மூன்றுமே டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் எழுதி வைக்கும் அறிவிப்புகள்தான்.

எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைனின் பெயரில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல். ஆனால் அது சரிபார்ப்பது உறைமேல் இருக்கும் முகவரியின் டொமைனை, கண்ணுக்குத் தெரியும் முகவரியை அல்ல. டிகிம் என்பது டிஜிட்டல் கையெழுத்து. அனுப்பும் சர்வர் ஒரு ரகசியச் சாவியால் மெயிலில் கையெழுத்திடும், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். யாஹூவின் முறையும் சிஸ்கோவின் முறையும் சேர்ந்து உருவானது இது. இரண்டும் இருந்தும் ஓட்டை அடைபடவில்லை: ஒரு மோசடிக்காரர் தன் சொந்த டொமைனுக்கு இரண்டையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு, படிப்பவர் பார்க்கும் இடத்தில் மட்டும் உங்கள் வங்கியின் முகவரியை எழுதலாம். 2015-இல் விதிமுறையாக வெளியான டிமார்க் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் முகவரியின் டொமைனும், எஸ்பிஎஃப்போ டிகிமோ தேறிய டொமைனும் பொருந்த வேண்டும், இரண்டில் ஒன்றாவது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது, சும்மா விடுவதா, ஸ்பேமில் தள்ளுவதா, திருப்பி அனுப்புவதா என்பதையும் டொமைனின் சொந்தக்காரரே அறிவிப்பார்.

இப்போது நம் மெயிலை இதில் போட்டுப் பாருங்கள். சேவை அனுப்புகிறது. உறைமேல் சேவையின் டொமைன், எஸ்பிஎஃப் தேறுகிறது, ஆனால் சேவையின் பெயரில். கையெழுத்தும் சேவையின் டொமைனில், டிகிமும் தேறுகிறது, அதுவும் சேவையின் பெயரில். கண்ணுக்குத் தெரிவது ஜிமெயில் டாட் காம். எதுவும் பொருந்தவில்லை, டிமார்க் தோல்வி. இதைச் சரிசெய்ய ஜிமெயில் டாட் காமின் டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு சேர்க்க வேண்டும். அது கூகுளின் டொமைன், நமக்கு அங்கே வேலையே இல்லை. எந்தச் சேவைக்கு மாறினாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும் இது தீராது.

யாஹூ இதில் முந்திக்கொண்டது. 2014 ஏப்ரலில் தன் டொமைனுக்கு "பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பு" என்று அறிவித்தது, அதே மாதத்தில் இன்னொரு மெயில் சேவையான ஏஓஎல்லும் பின்தொடர்ந்தது. அன்றைக்கு யாஹூ முகவரியோடு மடற்குழுக்களில் (ஒருவர் எழுதுவதைக் குழுவின் சர்வர் எல்லோருக்கும் அனுப்பும் ஏற்பாடு) எழுதிக்கொண்டிருந்தவர்களின் மெயில்கள் எல்லாம் முட்டி மோதித் திரும்பின. கூகுள் வெகுநாள் பொறுமையாக இருந்தது. 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அதன் அனுப்புநர் விதிகளில், வேறு சர்வரிலிருந்து ஜிமெயில் முகவரியை அனுப்புநர் இடத்தில் போடாதீர்கள், போட்டால் மெயில் ஸ்பேம் பக்கம் ஒதுக்கப்படலாம் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது.

சேவைகளுக்கும் இது தெரியும். அதனால் சில, ஜிமெயில் முகவரியை ஏற்பதே இல்லை. பிரெவோ போன்றவை நடுவழி ஒன்றை எடுத்திருக்கின்றன: இலவச மெயில் முகவரி கொடுத்தால், அனுப்பும்போது அதைத் தங்கள் டொமைனில் உள்ள ஒரு முகவரியாக மாற்றிவிடும். பெயர் மட்டும் உங்களுடையது, பதில் அழுத்தினால் உங்கள் ஜிமெயிலுக்கு வரும்படி வைத்திருக்கும். "பேர் உங்களோடது, முகவரி வேற யாரோடதோ" என்று மேலே கேட்டாரே, அது இதுதான்.

டொமைன் வாங்குவதுதான் தீர்வு

தீர்வு சொந்த டொமைன். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் முன்னேபின்னே ஆகும். இதற்கென்று தளம் எதுவும் கட்ட வேண்டியதில்லை, பெயரை வாங்கி டிஎன்எஸ் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தால் போதும். சேவையில் "டொமைனைச் சரிபார்" என்ற இடத்துக்குப் போனால் மூன்று நான்கு பதிவுகளைத் தரும், அவற்றை அப்படியே நகலெடுத்து டொமைன் வாங்கிய இடத்தின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான். பதிவின் பெயர் கேட்கும் கட்டத்தில் சேவை முழுப்பெயரைத் தரும், டொமைன் விற்ற நிறுவனத்தின் பக்கமோ டொமைனைத் தானாகவே பின்னால் சேர்த்துக்கொள்ளும், முடிவில் டொமைன் இரண்டு தடவை வந்து உட்கார்ந்துவிடும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் "கிடைக்கவில்லை" என்றே சேவை சொல்லிக்கொண்டிருக்கும். சேமித்தபின் பதிவு எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்தது எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே தளம் இருந்தால் அதை நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றை வைத்திருக்கும், சேவை சொன்னது என்று இன்னொன்றைத் தனியாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும். இருக்கும் பதிவுக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்க்க வேண்டும். அதற்குள்ளும் டிஎன்எஸ்ஸில் தேடிப் பார்க்கும் எண்ணிக்கை 10-ஐத் தாண்டக்கூடாது என்று விதி, ஐந்தாறு சேவைகளை அடுக்கினால்தான் அது இடிக்கும். டிமார்க்கை முதலில் "ஒன்றும் செய்யாதே, எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு" என்ற நிலையில் வையுங்கள். எல்லாம் பொருந்துகிறது என்று அறிக்கையில் தெரிந்தபின் கடுமையாக்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் அந்தப் பழைய ஜிமெயிலுக்கு இதில் வேலை இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இணைப்பின் திசையைத் திருப்பிவிடலாம். சேவை ஜிமெயிலுக்குள் வராமல், ஜிமெயில் சேவையின் வழியாக அனுப்பும். கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் கணக்குகள் பகுதியில், இன்னொரு முகவரியிலிருந்து மெயில் அனுப்பச் சேர்க்கும் இடம் உண்டு. அங்கே உங்கள் டொமைன் முகவரி, சேவையின் எஸ்எம்டிபி சர்வர் பெயர், போர்ட் 587, அந்தச் சேவை தரும் எஸ்எம்டிபி சாவி. கவனிக்கவும், சேவையில் உள்நுழையும் பாஸ்வேர்டு வேறு, எஸ்எம்டிபி சாவி வேறு, பெரும்பாலானவற்றில் அதைத் தனியாக உருவாக்க வேண்டும். அதன்பின் ஜிமெயிலில் எழுதும்போதே எந்த முகவரியிலிருந்து என்று தேர்ந்தெடுக்கலாம். உள்ளே வரும் மெயிலுக்கு, கிளவுட்ஃப்ளேரில் இருப்பதுபோன்ற இலவச முன்னனுப்பும் வசதியில் டொமைன் முகவரியை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் சரி. முன்னனுப்பும்போது சர்வர் மாறுவதால் எஸ்பிஎஃப் பொருந்தாமல் போகலாம், டிகிம் கையெழுத்து பெரும்பாலும் அப்படியே தங்கும், ஆகவே டிகிமை விட்டுவிட்டு எஸ்பிஎஃப் மட்டும் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

நானூறு பேரின் கணக்கு

ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத்தான் 2024-இன் கடுமையான விதிகள் முழுதாகப் பொருந்தும்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும், ஒரே அழுத்தில் விலகும் வசதியும். நம் நானூறுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆனால் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. நானூறில் 0.3 சதவீதம் என்றால் 1.2. இரண்டு பேர் எரிச்சலில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் அன்றைய கணக்கு தாண்டிவிட்டது! அதனால்தான் விலகும் இணைப்பைப் பெரிய எழுத்தில், தேடாமல் கிடைக்கும்படி வைக்கச் சொல்கிறேன். அது கிடைக்காதவர் கை தானாக ஸ்பேமுக்குத்தான் போகும். விசிட்டிங் கார்டுகளிலிருந்தும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் முகவரி பொறுக்கிச் சேர்த்த பட்டியலுக்கு எந்த டிஎன்எஸ் பதிவும் உதவாது.

இலவசத் திட்டங்களின் வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரெவோவில் ஒரு நாளைக்கு 300, ஆகவே நானூறு பேருக்கு இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். அமேசான் எஸ்ஈஎஸ்ஸில் தொடக்கத்தில் சோதனைக் கட்டம்: 24 மணி நேரத்தில் 200, அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே அனுப்ப விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கதி. எழுத்துகளைக் கணினியில் பதிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கோ" என்று எழுதினால் ககரத்துக்கு 3, ஓகாரக் குறிக்கு 3, ஆக 6. ஜிமெயிலோ ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மெயிலை நடுவில் வெட்டிவிட்டு, முழுசாகப் பார்க்க ஓர் இணைப்பைக் காட்டும். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். நீளமான தமிழ்க் கட்டுரையை முழுவதும் மெயிலுக்குள் திணிக்காமல், முதல் சில பத்திகளை வைத்துவிட்டு மீதிக்குத் தளத்துக்கு அனுப்பலாம்.

சரிபார்க்கும் விதமும் பிழை எண்களும்

எல்லாம் அமைத்தபின் உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்புங்கள், அந்த டொமைனில் இல்லாத வேறொரு ஜிமெயிலுக்கு. அதைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் மூல வடிவத்தைக் காட்டும் தேர்வை அழுத்தினால், மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் தேறியதா தவறியதா என்று போட்டிருக்கும், பக்கத்தில் டொமைன் பெயரோடு. தேறியது என்பதைவிட எந்த டொமைனின் பெயரில் தேறியது என்பதைப் பாருங்கள். டிகிமுக்கு எதிரே சேவையின் டொமைன் மட்டும் இருந்தால் டிஎன்எஸ் வேலை இன்னும் பாக்கி. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் "இன்ன டொமைன் வழியாக" என்று சின்ன எழுத்தில் ஜிமெயில் காட்டுவதும் பெரும்பாலும் இதற்குத்தான்.

அப்புறம், ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய இணைப்பு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். முதல் வழியில் இணைத்திருந்தால், கூகுள் பாஸ்வேர்டை அண்மையில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகும், ஜிமெயில் உரிமை கொண்ட ஓஆத் டோக்கன்களும் செத்துப்போகும். ஆறு மாதம் பயன்படுத்தாமலே கிடந்த டோக்கனும் அப்படியே. மறுபடி இணைத்தால் போதும். நீங்களாக ஒரு சேவையை வெட்டிவிட வேண்டுமென்றால், சேவையின் பக்கத்தில் கணக்கை மூடுவது போதாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்பு இணைப்புகள் பட்டியலுக்குப் போய் அங்கே நீக்க வேண்டும், ஆப் பாஸ்வேர்டு என்றால் அதன் பக்கத்தில்.

பிழைச் செய்தி வந்தால் முழுதாகப் படிக்கச் சலிப்பாக இருக்கும், எண்ணை மட்டும் பாருங்கள். 535, கூடவே 5.7.8 என்றால் பயனர்பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 534, 5.7.9 என்றால் நீங்கள் வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறீர்கள், அது ஆப் பாஸ்வேர்டு கேட்கிறது. 550 5.4.5 அன்றைய வரம்பு முடிந்தது, நாளைக்குப் பார்க்கலாம். இந்த மூன்றில் எது வந்தாலும் சிக்கல் உங்களுக்கும் கூகுளுக்கும் நடுவில், சேவையின் உதவிப் பிரிவுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். 550 5.7.26 வந்தால் மெயில் கிளம்பிவிட்டது, பெறுநர் பக்கத்து ஜிமெயில் அதை அடையாளம் தெரியாதது என்று திருப்பிவிட்டது. அப்போது திறக்க வேண்டியது டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தை.